மெமோ கையில் வந்த பிறகு: கல்லூரி வேலையைப் பறிகொடுப்பவர்களுக்கு

நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தாளோடுதான் வருகிறார்கள். பணிநீக்க உத்தரவு. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "மற்ற தாள்கள் எங்கே?" என்பதுதான். மெமோ என்று சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எங்கே, நீங்கள் கொடுத்த விளக்கம் எங்கே, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை எங்கே, விசாரணை நடந்த நாள்களின் குறிப்புகள் எங்கே? முக்கால்வாசிப் பேரிடம் பதில் இருக்காது.

நான் வழக்கறிஞர் அல்லன். மதுரையில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளை நாற்பதுக்கும் மேல் தட்டச்சு செய்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, விசாரணைகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியாக உட்காருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்தீர்களா, இல்லையா என்பதை உயர் நீதிமன்றம் புதிதாக விசாரிக்காது. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றாது. உங்களை எப்படி வெளியே அனுப்பினார்கள் என்பதைத்தான் பார்க்கும்: குற்றச்சாட்டு தெளிவாக இருந்ததா, ஆவணங்களைக் கொடுத்தார்களா, சாட்சியைக் கேள்வி கேட்க விட்டார்களா, உத்தரவு போட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, தண்டனை குற்றத்துக்கு ஏற்றதா. இவை எல்லாம் உள்விசாரணை முடிவதற்குள் தாளில் பதிவாகிவிடுகின்றன. பதிவாகாததைப் பின்னால் கொண்டுவந்து சேர்ப்பது மிகக் கடினம். ஆகவே உங்கள் வழக்கு ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளையின் வாசலில் தொடங்குவதில்லை. மெமோ கைக்கு வந்த அன்றே தொடங்கிவிடுகிறது.

எந்தச் சட்டம் உங்களுக்கு

கல்லூரி என்று பொதுவாகச் சொல்கிறோம்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். அவருக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் உண்டு. அலுவலகங்களில் "பதினேழு பி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அது அந்த விதிகளில் கடும் தண்டனைக்கான நடவடிக்கை. அரசியலமைப்பின் 311-ஆவது உறுப்பும் அவருக்குத் துணை. பல்கலைக்கழக ஊழியருக்கு 311 கிடையாது. அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டமும் அதன் விதிகளும்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்றால் 1965-ஆம் ஆண்டுச் சட்டம்.

தனியார் கல்லூரி ஊழியர்களுக்குத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1976 இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவைப் படி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதிவாய்ந்த அதிகாரியின் (இதற்கென அரசு அறிவித்த அதிகாரி) முன் ஒப்புதல் இல்லாமல் ஆசிரியரையோ பிற ஊழியரையோ பணியிலிருந்து நீக்கக்கூடாது, பதவி இறக்கம் செய்யக்கூடாது, வேறு எந்த வகையிலும் வேலையை முடிக்கக்கூடாது என்கிறது அது. இதைத் தெரியாமலே பத்தாண்டு வேலை பார்த்து வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வலி இன்னும் எனக்கு ஆறவில்லை.

இடைநீக்கம்

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல என்று சட்டம் சொல்கிறது. திருமங்கலத்தில் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற ஒரு விரிவுரையாளரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். காலையில் பஸ் ஏறாமல் வீட்டில் இருக்கிறவரைத் தெருவே விசாரிக்கும். இருந்தாலும் அந்த நாள்களில் செய்யவேண்டியவை உண்டு.

1976 சட்டப்படி, மோசமான ஒழுங்கீனம் குறித்து விசாரணை நடத்த உத்தேசித்தால் மட்டுமே இடைநீக்கம் செய்யலாம். அதுவும் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்காது. அதற்குள் விசாரணை முடியாவிட்டால், விசாரணை ஒருபுறம் நடக்க, நீங்கள் பணிக்குத் திரும்பியதாகவே கருதப்படுவீர்கள். தாமதத்துக்கு நீங்களே நேரடிக் காரணமாக இருந்தால் மட்டும் அதிகாரி, காரணத்தை எழுதிவைத்து, இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். எனவே வாய்தா கேட்டு விசாரணையை இழுக்காதீர்கள். இரண்டு மாதம் முடிந்த மறுநாள் காலை கல்லூரிக்குப் போய், பணியில் சேர வந்திருப்பதாகக் கடிதம் கொடுங்கள். வாங்க மறுத்தால் அன்றே அஞ்சலகம் போய் ஒப்புகையுடன் அனுப்புங்கள். காவலாளி வாசலில் நிறுத்தினால் அந்த நேரத்தையும் கடிதத்தில் எழுதுங்கள்.

மற்ற நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு, உச்ச நீதிமன்றம் 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் சொன்னது உதவும்: மூன்று மாதத்துக்குள் குற்றப்பத்திரிகை கொடுக்கப்படாவிட்டால் இடைநீக்கத்தை நீட்டிக்கக்கூடாது.

பிழைப்பூதியம், அதாவது இடைநீக்கக் காலத்துக்கான குறைந்த ஊதியம், வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் எழுத்தில் கேளுங்கள். கோலார் தங்க வயலில் வேலை பார்த்த ஒரு பாதுகாப்பு அலுவலருக்குப் பிழைப்பூதியம் கொடுக்காமல், அவர் இல்லாமலே விசாரணையை முடித்து நீக்கினார்கள். கையில் காசில்லாதவர் எப்படி விசாரணைக்குப் பயணம் செய்து வர முடியும் என்று கேட்டு, அந்த விசாரணையே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1999-இல் வந்த பால் அந்தோணி வழக்கு அது.

அந்த மன்னிப்புக் கடிதம்

இங்கே என் மனத்தை அழுத்துகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார். வேதியியல் துறை. என்னைவிடச் சற்று இளையவர். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பில் சில்வர் நைட்ரேட் புட்டிகள் இரண்டு குறைந்தன. விலை கூடிய பொருள். அவரை அறைக்கு அழைத்து, "ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, இத்தோடு முடித்துக்கொள்ளலாம்" என்றார்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடம்தான் வந்தது. "என் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறேன், மன்னிக்க வேண்டுகிறேன்." அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நான்கு வாரம் கழித்து வந்த மெமோவில் அந்தக் கடிதம் "குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம்" ஆகியிருந்தது. அந்த மெமோவையும் நான்தான் தட்டச்சு செய்தேன். விசாரணை என்று ஒரே ஒரு நாள் அழைத்தார்கள், கடிதத்தைக் காட்டி இது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள், ஆம் என்றார், முடிந்தது.

வழக்கு ஏழு ஆண்டு நடந்தது. அப்போதுதான் இருப்புப் பதிவேடு வெளியே வந்தது. அந்த இரண்டு புட்டிகளும் முதுநிலை மாணவர்களின் ஆய்வுப் பணிக்காக வழங்கப்பட்டு, பேராசிரியர் ஒருவரின் சுருக்கொப்பமும் அதில் இருந்தது. பதிவேட்டைக் கேட்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நானும் சொல்லவில்லை.

ஆகவே அறைக்கு அழைத்து எழுதிக் கேட்டால் எழுதாதீர்கள். மரியாதையாகச் சொல்லுங்கள்: "ஐயா, எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்." ராஜினாமாக் கடிதம் கேட்டாலும் இதே பதில்தான். மிரட்டலில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வீடு வந்த அன்று இரவே, எந்தச் சூழலில் வாங்கினார்கள், அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி, அதைத் திரும்பப் பெறுவதாக மறுநாள் காலை மின்னஞ்சலிலும் அஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "மிரட்டி வாங்கினார்கள்" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மெமோவைப் படிக்கும் முறை

மெமோவின் தலையில் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பின் எண்) நாளும் இருக்கும். அடுத்து "பார்வை" என்று ஒரு பகுதி. எல்லோரும் அதைத் தாண்டி நேரே குற்றச்சாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் முதலில் பார்ப்பது பார்வையைத்தான். "1. மாணவர்களின் புகார், நாள்... 2. துறைத்தலைவரின் அறிக்கை, நாள்... 3. உண்மை கண்டறியும் குழுவின் அறிக்கை, நாள்..." என்று வரிசையாக இருக்கும். இவற்றில் எதையாவது உங்களுக்குக் கொடுத்தார்களா? உங்களுக்கு எதிராக அலுவலகத்தில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்பதற்கு அவர்களே எழுதித் தந்த பட்டியல் அது. ஒவ்வொன்றின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். நாள்களையும் ஒப்பிடுங்கள். புகாரின் நாளுக்கு முன்பே குழு அமைக்கப்பட்டிருந்தால், அல்லது குழு அறிக்கை வருவதற்கு முன்பே இடைநீக்கம் நடந்திருந்தால், அதைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

முறையான குறிப்பாணைக்கு நான்கு இணைப்புகள் இருக்கும்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு ஆதாரமான விவரங்கள், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல். "மாணவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்", "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், எந்த நாள், எந்த வகுப்பறை, யாரிடம், என்ன சொல் என்று கேளுங்கள். அந்த விவரம் இல்லாமல் யாரும் தம்மைத் தற்காத்துக்கொள்ள முடியாது. நீதிமன்றங்களும் அதை ஏற்கின்றன.

பதில் சொல்லக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் பதினைந்து நாள். அது ஓடிவிடும். நகல்கள் கேட்கும் கடிதத்தை முதல் மூன்று நாளுக்குள் கொடுங்கள். "நகல்கள் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் அவகாசம் வேண்டும்" என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அவர்கள் மறுத்தாலும் பதினைந்தாம் நாளுக்குள் ஒரு சுருக்கமான மறுப்பாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். குற்றச்சாட்டு வாரியாக எண்ணிட்டு, "மறுக்கிறேன்" என்ற சொல் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள். முதல்வரின் சாதியையோ செயலாளரின் சொத்தையோ இழுத்து எழுதிய ஒரு வரிக்காகவே இரண்டாவது மெமோ வாங்கியவர்கள் உண்டு.

குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை என்றால், அந்தப் பகுதியை மறைக்காதீர்கள். தேர்வுப் பணிக்கு வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் ராஜாஜி மருத்துவமனையில் அம்மாவோடு இருந்தேன் என்றால், அந்த அனுமதிச் சீட்டை இணைத்து அப்படியே எழுதுங்கள். உண்மையை ஒளித்த ஒரு இடத்தால் மற்ற ஒன்பது இடத்திலும் உங்கள் சொல் எடுபடாமல் போகும்.

அரசு உதவி பெறும் கல்லூரியோ பல்கலைக்கழகமோ நகல் தராமல் இழுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். கிடைக்கும் தகவலைவிட, கேட்டதும் அவர்கள் தராததும் பதிவாவது முக்கியம்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். திரையைப் படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. மூலச் செய்தி அந்தப் போனிலேயே இருக்கவேண்டும்.

மெமோ வந்தவுடன் உயர் நீதிமன்றம் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் மெமோவை எதிர்த்துப் போகும் மனுவை நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. விசாரணையில் பதில் சொல்லிவிட்டு வா என்றுதான் சொல்லும். அதிகாரமே இல்லாதவர் கொடுத்த மெமோ என்பதுபோல அரிதான காரணம் இருந்தால் வேறு. அந்தப் பணத்தைப் பின்னால் வரப்போகும் செலவுக்கு வைத்திருங்கள்.

விசாரணை அறை

விசாரணை அலுவலர் யார் என்று பெயர் தெரிந்த உடனே யோசியுங்கள். புகாரில் தொடர்புள்ளவரா? உண்மை கண்டறியும் குழுவில் முன்பே இருந்து கருத்துச் சொன்னவரா? அப்படியென்றால் முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். பஞ்சாபில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரை நீக்கிய வழக்கில், விசாரணைக் குழுவில் இருந்த ஒருவரே சாட்சியும் சொன்னார். 1993-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

உள்விசாரணையில் குற்றவியல் நீதிமன்றம்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். போலீஸ் வழக்கில் விடுதலையாகிவிட்டேன், வேலை தானாகத் திரும்பிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் சாட்சியமே இல்லாமல் முடிவுக்கு வர முடியாது. முதல் தகவல் அறிக்கையைக் கொண்டுவந்து வைப்பது சாட்சியம் ஆகாது. ஆவணத்தை அதை அறிந்தவர் வந்து நிரூபிக்க வேண்டும் என்று 2008-இல் ரூப் சிங் நேகி வழக்கில் சொல்லப்பட்டது.

குறுக்கு விசாரணையை விட்டுக்கொடுக்காதீர்கள். சாட்சியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை முந்தைய இரவே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதிகம் வேண்டாம், ஐந்து போதும். "அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்? எத்தனை அடி தூரம்? இதை முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள்? எழுதிக் கொடுத்தது எந்த நாள்? எழுதச் சொன்னது யார்?" குரலை உயர்த்தினால் பதிவேட்டில் அதுவும் ஏறும். கேட்க விடவில்லை என்றால், கேட்க நினைத்த கேள்விகளை அன்றே மனுவாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உடன் பணிபுரிபவர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மதுரையில் ஆசிரியர் சங்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. மூட்டா என்ற கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் முதலில் அங்கே போங்கள். இந்த விதிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் சங்கங்களில் இருப்பார்கள்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்றால், கையெழுத்துக்கு மேலேயே "இன்ன வரி நான் சொன்னபடி இல்லை" என்று எழுதிப் போடுங்கள். நகல் கேளுங்கள். போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். நீங்கள் இல்லாமலே விசாரணை முடிந்துவிடும். பிறகு "வாய்ப்புக் கொடுத்தோம், வரவில்லை" என்ற ஒரு வரி உங்கள் கழுத்தை நெரிக்கும்.

பாலியல் புகார் என்றால்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழியே வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளும் இதற்கு உண்டு. உள்ளகப் புகார்க் குழுவே விசாரிக்கும். அதன் அறிக்கையே விசாரணை அறிக்கையாகக் கொள்ளப்படும். தலைமை வகிப்பவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்கவேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்கவேண்டும். புகாரின் நகலை உங்களுக்குத் தருவார்கள். பதிலுக்குப் பத்து நாள். குழுவின் முன் வழக்கறிஞரை அழைத்துவர முடியாது. விசாரணை தொண்ணூறு நாளில் முடியவேண்டும். குழுவின் பரிந்துரையை எதிர்த்து, மானியக் குழு விதிமுறைப்படி முப்பது நாளுக்குள் நிறுவனத்தின் நிர்வாகத் தலைமைக்கு மேல்முறையீடு செய்யவேண்டும். அந்த முப்பது நாளைத் தவறவிட்டவர் ஒருவர், உத்தரவு வரட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். காத்திருக்கக்கூடாது.

புகார் கொடுத்த மாணவியைத் தொடர்புகொள்ளாதீர்கள். சமாதானத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள். அவர் பெயரை எங்கும் சொல்லாதீர்கள். சட்டப்படியே அது குற்றம், மனிதத் தன்மையிலும் தவறு. இப்படிப்பட்டவர்களுக்கு உதவியாக உட்காருவதற்கு நான் தயங்கியது உண்டு. ஒரு பெண் பிள்ளை எவ்வளவு தயங்கித் தயங்கி அந்தக் கடிதத்தை எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனாலும் உட்காருகிறேன். கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் வழக்கில், குழு 2009-இல் சில வாரங்களுக்குள் அவசர அவசரமாக அமர்வுகளை நடத்தி முடித்ததால், பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே 12 அன்று ரத்து செய்து, விசாரணையை மறுபடி நடத்தச் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் கழித்து. புகார் கொடுத்தவர்களுக்கு அது என்ன நியாயம்? விசாரணையைச் சரியாக நடத்து என்று குற்றம் சாட்டப்பட்டவருக்காக நான் வற்புறுத்தும்போது, அவர்களுக்காகவும்தான் வற்புறுத்துகிறேன்.

அறிக்கையும் உத்தரவும்

விசாரணை அலுவலரின் அறிக்கை நகலைத் தராமல் தண்டனை கொடுக்கக்கூடாது. 1993-இல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பு இது. நகல் வந்தால், "ஏற்கெனவே சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். சாட்சி சொன்னது எந்தப் பக்கம், அறிக்கையில் அது எப்படி மாறியிருக்கிறது, உங்கள் தரப்புச் சாட்சியை ஏன் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். முழு நடைமுறையிலும் நேரம் எடுத்து எழுதவேண்டிய கடிதம் இதுதான்.

உத்தரவு வந்ததும் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தில் ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் வழக்கமாகச் சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழுவிடம் இருக்கும். பதிவாளர் கையெழுத்துப் போட்டிருந்தால், அதற்குப் பின்னால் சிண்டிகேட் தீர்மானம் இருக்கிறதா, எந்த நாள் என்று கேளுங்கள். தனியார் கல்லூரியில், முன் ஒப்புதல் அளித்த அதிகாரியின் ஆணை "பார்வை"யில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் வழக்கின் முதல் வாதம் கிடைத்துவிட்டது. சிறுபான்மை நிறுவனங்களும் சுயநிதி நிறுவனங்களும் முன் ஒப்புதல் தமக்குப் பொருந்தாது என்று வாதிடுவது உண்டு. 2002-ஆம் ஆண்டின் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பைத் துணைக்கு அழைப்பார்கள். அதே தீர்ப்புதான் உள்விசாரணை வேண்டும், மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் அமர்கிற தீர்ப்பாயம் வேண்டும் என்றும் சொல்கிறது.

1976 சட்டத்தின் 20-ஆம் பிரிவில் மேல்முறையீட்டு உரிமை உண்டு. அதைச் செய்யாமல் நேரே உயர் நீதிமன்றம் போனால், முதலில் அங்கே போய்விட்டு வா என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். உத்தரவு கிடைத்த வாரத்திலேயே பணி வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். நிலத் தகராறு பார்க்கும் உறவினரிடம் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

முன்பெல்லாம் ரிட் மனுவுக்கு (உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரே போடும் மனு) சென்னைக்கு இரவு ரயில் ஏறவேண்டும். 2004 ஜூலை 24 முதல் மேலூர் சாலையில் நமக்கென்று கிளை இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். இந்த வசதியைக் கேட்டுப் போராடிப் பெற்ற தலைமுறைக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று கெடு கிடையாது. ஆனால் காரணமில்லாமல் ஓராண்டு சும்மா இருந்துவிட்டுப் போனால் அதற்கே தள்ளுபடி ஆகலாம். தனியார் நிறுவனத்துக்கு எதிரான பணி வழக்கில் ரிட் செல்லாது என்று 2022-இல் வந்த செயின்ட் மேரீஸ் தீர்ப்பை எதிர்த்தரப்பு காட்டும். உங்கள் பணிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று 19-ஆம் பிரிவை நீங்கள் காட்டவேண்டும்.

தொழிலாளர் நீதிமன்றம் ஆசிரியர்களுக்கு இல்லை. ஆசிரியர் "தொழிலாளி" ஆகமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. எழுத்தர், ஓட்டுநர், ஆய்வக உதவியாளர் போன்றவர்களுக்கு அந்த வழி உண்டு. முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. 45 நாள் கழித்து நேரடியாக வழக்கு. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது இரண்டு ஆண்டு. கல்வி அறக்கட்டளை "தொழில்" ஆகாது என்ற வாதத்தையும் நிர்வாகம் எழுப்பும். அதற்கும் தயாராக இருங்கள்.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். "பணி திருப்திகரமாக இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் வாதிட முடியாது. அது கசப்பான உண்மை. ஆனால் ஒழுங்கீனத்தைக் குறிப்பிட்டு, களங்கம் ஏற்படுத்தும் சொற்களோடு நிறுத்தினால் விசாரணை வேண்டும். களங்கம் உத்தரவில் இல்லாமல், உத்தரவு சுட்டும் வேறு கடிதத்தில் இருந்தாலும் போதும். மறுபடியும் "பார்வை"யைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நடைமுறைக் குறையால் உத்தரவு ரத்தானால், குறை நேர்ந்த கட்டத்திலிருந்து மறுபடி விசாரிக்க நிர்வாகத்துக்கு நீதிமன்றம் அனுமதி கொடுப்பதே வழக்கம். பலருக்கு அது பேரிடியாக இருக்கும். அதற்குள் சாட்சிகள் கலைந்திருப்பார்கள், நிர்வாகமும் மாறியிருக்கலாம். பல வழக்குகள் அங்கேயே பேசி முடிகின்றன.

பழைய சம்பளம் பற்றி. மகாராஷ்டிரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முழுச் சம்பளப் பாக்கியையும் மீட்டுக்கொடுத்தது 2013-ஆம் ஆண்டின் தீபாலி குண்டு சுர்வாசே தீர்ப்பு. தவறாக நீக்கப்பட்டவர், இடைக்காலத்தில் தமக்குச் சம்பாத்தியம் இல்லை, அல்லது குறைந்த கூலியே கிடைத்தது என்று மனுவில் சொல்லவேண்டும். அதன் பிறகு, அவருக்குச் சம்பாத்தியம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. இந்த ஒரு பத்தி மனுவில் விடுபட்டுப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் வழக்கறிஞர் எழுதிய மனுவில் அது இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள், வட்டிக்கு வாங்கிய சீட்டுகள், நகை அடமான ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சில்லறைக் கூலி கிடைத்த நாளையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்த ஆய்வக உதவியாளர் ஏழு ஆண்டும் விடியற்காலையில் கீழவாசலில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். கணக்கு எதையும் எழுதி வைக்கவில்லை. நிர்வாகத் தரப்பில் வண்டியோடு அவரைப் படம் எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். வேலை திரும்பக் கிடைத்தது. பாக்கிச் சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது. ஓய்வுக்கு இரண்டு ஆண்டு மீதம் இருக்கும்போது அவர் திரும்ப வந்து சேர்ந்தார். அவருடைய பணியேற்பு அறிக்கையையும் நான்தான் தட்டச்சு செய்தேன். இந்த முறை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டினேன்.